படி வரைக்கும்தான்

கெலிஓயா
ஆகஸ்ட் 24

அன்புள்ள சுகிர்தா,

நீ சுகமாய் இருப்பாய் எண்டு நினைக்கிறேன். அழகம்மா அம்மாவுக்கு முழங்கால் வலி குறைஞ்சதா? என்ட சுகத்த மட்டும் கேக்காத. என்ட மாப்பிளை மௌத்தாகி ரெண்டு கிழமை ஆகுது. சாப்பாடு வைக்கிறாங்க, சாப்பிடுறேன். பாய் விரிக்கிறாங்க, படுக்கிறேன்.

இந்தக் காலத்தில கடிதமா எண்டு சிரிப்பாய். சிரி. என்ட போன் மச்சான்ட கையில. அதான், இவர்ட தம்பி இப்திகார். "துக்கம் விசாரிக்க கண்ட ஆம்பிளைகளும் எடுப்பாங்க மதினி, நீங்க இத்தாவில இருக்கிற நேரம், நான் பேசிக்கிறேன்" எண்டு எடுத்துக்கொண்டு போன. அம்னாட போனில பேசலாம்தான். ஆனா மகள்ட போனை நான் காதில வச்ச உடனே வீட்டில இருக்கிற பொம்பிளைகள் எல்லாருக்கும் திடீரெண்டு வாய் அடைச்சுப் போகுது, காது மட்டும் திறக்குது. கடிதத்துக்குக் காது வைக்க ஏலாதுதானே.

இத்தா எண்டா உனக்குத் தெரியும். உம்மா இருந்த நேரம் நீ வந்து பக்கத்தில இருந்தாய். மாப்பிளை மௌத்தானவள் நாலு மாசமும் பத்து நாளும் வீட்ட விட்டு வெளிய போகாம, அந்நிய ஆம்பிளை முன்னால வராம. டிசம்பர் நடுவில முடியும், இன்ஷா அல்லாஹ்.

விஷயத்துக்கு வாறேன். இவர் வருஷா வருஷம் உன்ட ஒபிஸில வீட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டினவர். ஒக்டோபரில புதுப்பிக்கணும். வெள்ளத்துக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கா எண்டு பார்த்துச் சொல்லு. எங்கட வீட்டுக்குப் பின்னால ஆறு எண்டாலும் உள்ளுக்குத் தண்ணி வந்ததில்ல, படி வரைக்கும்தான். ஆனா இப்ப எனக்கும் அம்னாவுக்கும் இந்த வீட்ட விட்டா வேற ஒண்டும் இல்ல. கடை வாடகைக் கடை, அது அவரோட போச்சு.

நீ உன்ட வீட்டுக்கு ரெண்டு இன்சூரன்ஸ் போட்டு வச்சிருப்பாய், கள்ளி. அம்மாவுக்கு என்ட சலாம் சொல்லு.

உன்ட,
ஷஹ்மா


ஹந்தானை
செப்டெம்பர் 3

அன்புள்ள ஷஹ்மா,

நானும் அம்மாவும் நல்லாருக்கோம். ஒன் கடுதாசிய அம்மா தபால்காரர்கிட்ட வாங்கி, கோர்ட்டுல இருந்து வந்திருக்குன்னு பயந்து சாமி படத்துக்கு முன்னால வச்சிட்டாங்க. சாயந்தரம் வேல முடிஞ்சு வந்து பிரிச்சுப் பாத்தா நீ. அன்னைக்கி ஒங்க வீட்டு கூட்டத்துல ஒன் கையப் புடிச்சதோட சரி, ஒரு வார்த்த பேச முடியல. இப்பவும் என்னா எழுதுறதுன்னு தெரியலடி. அரூஸ் அண்ணன் ஒபிசுக்கு வந்தா, "எங்க வீட்டு அம்மணியோட கூட்டாளி"ன்னுதான் என்னைய எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. அவரு வந்து ஒக்கார்ற கதிரையப் பாத்தாலே கஷ்டமா இருக்கு.

பொலிசிய எடுத்துப் பாத்தேன். வீட்டு பொலிசின்னா சும்மா நெருப்புக்குத்தான். வெள்ளம், புயல் எல்லாம் தனியா கேட்டு, தனியா காசு கட்டி சேக்கணும். பாதிப் பேரு அது தெரியாம, வீடு முங்குனதுக்கப்புறம் வந்து எங்ககிட்ட சண்ட போடுவாங்க. அண்ணன் வெவரமானவரு, சேத்திருக்காரு.

ஆனா ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. வீடு யார் பேருல இருக்கு? ஒங்க வாப்பா கல்யாணத்துக்கு ஒனக்கு எழுதிக் குடுத்தது. பொலிசி அண்ணன் பேருல. ஒங்க பக்கம் வீடு பொண்ணுக்கு, ஒபிஸ் வேலையெல்லாம் மாப்பிளைக்கு. அதனால அவரு பாட்டுக்கு அவரு பேரப் போட்டு கையெழுத்து வச்சிட்டாரு. ஒங்க ஒழுங்கைச் சந்துல முக்காவாசிப் பேரு இப்படித்தான் போட்டிருப்பாங்க. இந்த வருஷங்கள்ல வெள்ளம் வந்திருந்தா, "வீடு ஒங்களுது இல்லையே"ன்னு ஒரே கேள்வியில எங்காளுங்க கைய விரிச்சிருப்பாங்க.

இப்ப அவரு பேருல புதுப்பிக்க முடியாது. ஒன் பேருல புதுசா போடணும். புதுசுன்னா துஷாந்த்னு எங்க ஒபிஸ் தம்பி வந்து வீட்ட உள்ளுக்கும் வெளிக்கும் பாக்கணும். எப்ப அனுப்பட்டும்?

இங்க மழ ஆரம்பிச்சிருச்சு. எங்க வீட்டு கதவு சாத்த மாட்டேங்குது, மழைக்கு உப்பியிருக்கும்போல. ஒடம்பப் பாத்துக்க, சாப்பிடு.

சுகிர்தா


கெலிஓயா
செப்டெம்பர் 11

அன்புள்ள சுகிர்தா,

உன்ட கடிதம் வந்த, சந்தோஷம். அம்மாட சாமி என்னையும் ஒரு நாள் பார்த்துக்கொண்டாரே, அதுவும் நல்லதுதான்.

துஷாந்த் தம்பிய அனுப்ப ஏலா. மச்சானிட்டச் சொன்ன உடனே முகம் மாறிட்டு. "இத்தா முடியட்டும் மதினி. அந்நிய ஆம்பிளை ரூம் ரூமாப் போய்ப் பார்க்கிறதா? ஊர் என்ன சொல்லும்? நாநா என்னை நம்பி விட்டுட்டுப் போன அமானிதம் நீங்க ரெண்டு பேரும்." அவர் கெட்டவரில்ல சுகிர்தா. ஒவ்வொரு நாளும் மீன், மரக்கறி, பால் பைக்கட் எல்லாம் கொண்டுவந்து வாசல்ல வச்சிட்டு, தலையைக் குனிஞ்சுகொண்டு போறார். திட்டவும் ஏலா, மறுக்கவும் ஏலா. கெட்டவரா இருந்தா எவ்வளவு லேசு.

இத்தா முடிய டிசம்பர். இவர்ட பொலிசி ஒக்டோபரோட போகும். ஐப்பசி மழை யாருக்காகக் காத்துக்கொண்டு இருக்கப் போகுது? அம்னாவ விட்டு பள்ளி மௌலவியிட்ட கேட்டன். உயிருக்கோ பொருளுக்கோ ஆபத்து எண்டா இத்தாவிலயும் வெளிய போகலாம், போகத்தான் வேணும் எண்டு சொல்லி அனுப்பினார். மார்க்கத்தில வழி இருக்கு. ஒழுங்கையிட வாய்க்குத்தான் பூட்டு இல்ல.

நீயே வா. நீயும் அந்த ஒபிஸ்தானே? பொம்பிளை வந்தா மச்சானுக்கும் சொல்ல ஒண்டும் இல்ல. சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வா. இத்தா வீட்டுச் சாப்பாடு எண்டு யோசிக்காத, றிப்தா நல்லாச் சமைப்பா. மச்சான்ட பெண்சாதி, அவதான் இப்ப எனக்குக் காவல்.

உன்ட,
ஷஹ்மா


கெலிஓயா
செப்டெம்பர் 29

சுகிர்தாவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், நல்லாச் சாப்பிட்டுட்டுத்தானே போனாய்.

ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தன், ஆத்திரம் அடங்கல்ல. எழுதிக் கொட்டிடுறேன்.

நீ கேட்டாய், "வீட்டுக்குள்ள எப்பவாவது வெள்ளம் வந்திருக்கா?" எண்டு. நான் சொன்னன், படி வரைக்கும்தான். நீ எழும்பிப் போய் அலுமாரிக்குப் பின்னால எட்டிப் பார்த்தாய். ஜன்னல் கட்டைக்குக் கீழ அந்த மண் நிறக் கோடு. மூணு தரம் பெயின்ட் அடிச்சும் போகாத கோடு, அதுக்காகவே அந்த இடத்தில அலுமாரி நிக்குது. பார்த்திட்டு என்ட முகத்தப் பார்க்காமலே எழுதினாய். றிப்தா பக்கத்தில இருந்தா. எனக்கு எங்க முகத்தக் கொண்டுபோய் வைக்கிற எண்டு தெரியல்ல.

ஓ, வந்த. அம்னா தொட்டில்ல இருந்த வருஷம். கட்டிலுக்கு மேல கட்டில் போட்டு அவளைத் தூக்கி வச்சிருந்தன். ஆனா எங்கட ஒழுங்கையில யாரும் அத வெளிய சொல்றதில்ல. ஆர் கேட்டாலும் ஒரே பேச்சுத்தான், படி வரைக்கும்தான் வந்த. அப்படிச் சொல்லாட்டி வீட்ட வாங்க ஆள் வராது, வாடகைக்கு ஆள் வராது, குமர்களுக்கு மாப்பிளை வராது. உனக்கு என்ன, மேல இருந்துகொண்டு எழுதலாம்.

நீ கூட்டாளியா வந்தாயா, ஒபிஸ்காரியா வந்தாயா? அதையாவது சொல்லு.

ஷஹ்மா


ஹந்தானை
ஒக்டோபர் 8

அன்புள்ள ஷஹ்மா,

நீ திட்டுற அளவுக்கு தேறிட்டன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன். றிப்தா அக்காவோட கத்தரிக்கா பொரியல எங்கம்மாகிட்ட சொல்லிச் சொல்லி, இப்ப அவுங்க அதே மாதிரி செய்யப்போறேன்னு எண்ணெய் போத்தல காலி பண்ணிட்டாங்க.

ரெண்டாவும்தான் வந்தேன். கேளு. நான் "வரல"ன்னு எழுதியிருந்தா ஒபிசுல சிரிச்சுக்கிட்டே காசு வாங்கியிருப்பாங்க. நீயும் நிம்மதியா தூங்கியிருப்ப. அப்புறம் ஒரு நாள் வெள்ளம் வரும். அப்ப ஒரு ஆள அனுப்புவாங்க, அவன் மொத வேலையா அலுமாரிய நகத்திப் பாப்பான். பழைய கோட்டப் பாத்துட்டு, "நீங்க மறச்சிட்டீங்க, ஒரு சதமும் இல்ல"ன்னு போயிருவான். இத எத்தனையோ வீட்டுல பாத்துட்டேன்டி. ஒபிஸ்ல ஒரு பொம்பள தரையில உக்காந்து அழுதத நான் பாத்திருக்கேன். ஒன்னைய அந்த எடத்துல பாக்க என்னால ஆகாது. உள்ளதச் சொல்லிட்டு அவுங்க முடியாதுன்னு சொன்னா, முடியாதுன்னாவது ஒனக்கு முன்னாடியே தெரியும்.

இன்னொன்னும் பாத்தேன், றிப்தா அக்கா இருந்ததால சொல்லல. நீங்க எல்லாரும் ஆத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. தண்ணி ஆத்துப் பக்கமா வராது. ஒங்க குசினிக்குப் பின்னால, அடுப்படிய ஒட்டி ஒரு ஓட போகுதே, அது ஆத்துல போய் விழுது. ஆறு பெருகுனா ஓடத் தண்ணிக்குப் போக வழியில்லாம திரும்பி ஏறும். ஆறு படியத் தொடுறதுக்கு முந்தியே குசினிக்குள்ள வந்துரும். அதனால ஓடயப் பாரு. ஓட எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாரு.

ஹெட் ஒபிசுக்கு அனுப்பியிருக்கேன், பதில் வரணும். இங்க ஒரு வாரமா மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி கலங்கலா வருது, துணி வச்சு வடிகட்டித்தான் குடிக்கிறோம். அம்மா ஒன்னைய கேட்டாங்க.

கோவம் இருந்தா இருக்கட்டும், பதில் மட்டும் போடு.

சுகிர்தா


கெலிஓயா
ஒக்டோபர் 21

அன்புள்ள சுகிர்தா,

கோபம் போயிட்டு. போகாம எங்க போக, என்னைப் போல அதுவும் இதே ரூமுக்குள்ளதானே இருக்கணும்.

உன்ட ஹெட் ஒபிஸ்ட பதில் வந்த. நெருப்புக்குத் தருவாங்களாம், களவுக்குத் தருவாங்களாம், இடி விழுந்தாலும் தருவாங்களாம். வெள்ளத்துக்கு மட்டும் தர மாட்டாங்களாம். ஆத்தங்கரையில இருக்கிறவளுக்கு நெருப்புக்குக் காவல்! அம்னா வாசிச்சுக் காட்டினாள், நான் சிரிச்சன். பிறகு கக்கூசுக்குள்ள போய் அழுதன், வேற எங்க தனியா அழுற?

இப்ப என்ட நிலைமையப் பார். வீட்ட விக்க ஏலா, உண்மையச் சொன்னா வாங்க ஆளில்ல, பொய் சொல்ல இனி எனக்கு வாய் வராது. இன்சூரன்ஸ் போட ஏலா. இத்தா முடியும் வரைக்கும் விட்டுப் போகவும் ஏலா. முடிஞ்சாலும் எங்க போக? பகல்ல குசினி ஜன்னலால ஓடையப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நீ சொன்ன பிறகு எனக்கு வேற வேலை இல்ல. இந்தப் பக்கம் ஓடுது, இந்தப் பக்கம் ஓடுது எண்டு பைத்தியக்காரி மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

ஒரு யோசனை வந்த. மழை பலத்தா நானும் அம்னாவும் உன்ட வீட்டுக்கு வந்திடுறோமே? நீயும் அம்மாவும் மட்டும்தான், ஆம்பிளை இல்லாத வீடு. மலைக்கு மேல, ஆறு எட்டிக்கூடப் பார்க்காது. மச்சானிட்ட மெதுவாக் கேட்டன். அதிசயம், உடனே தலையாட்டினார். "அந்தப் பிள்ளைட வீடு எண்டா நல்லம் மதினி, நானே வேனில கொண்டுபோய் விடுறேன்" எண்டார். அவருக்கும் பயம் இருக்குது, சொல்லத்தான் தெரியல்ல.

ஒரு மூலை போதும், பாய் நான் கொண்டு வாறேன். அம்மாவிட்டக் கேட்டு எழுது. இத நினைச்ச பிறகுதான் ரெண்டு நாளா நித்திரை வருது.

உன்ட,
ஷஹ்மா


ஹந்தானை
நவம்பர் 4

அன்புள்ள ஷஹ்மா,

நாங்க நல்லாருக்கோம். அம்மாவுக்கு சளி, மத்தபடி ஒன்னுமில்ல. அம்னாவுக்கு பரீட்ச எப்ப?

ஹெட் ஒபிஸ் பதிலப் பாத்தேன். மேல ரெண்டு தடவ பேசிப் பாத்தேன்டி, முடியல. மன்னிச்சுக்க.

இப்ப செய்ய வேண்டியதக் கேளு. வீட்டு உறுதிப் பத்திரம், அம்னாவோட சர்ட்டிபிகேட், ஒன் அடையாள அட்டை எல்லாத்தையும் பொலித்தீன் பையில போட்டு கட்டி, கைக்கு எட்டுற எடத்துல வையி. அலுமாரியில வைக்காத, தண்ணியில அலுமாரி உப்பிக்கிட்டா தொறக்க வராது. மெயின் சுவிட்ச் எங்க இருக்குன்னு அம்னாவுக்குக் காட்டி வையி. அரிசி, மாவு எல்லாத்தையும் மேல் தட்டுல ஏத்து. ஓடத் தண்ணி நின்னுச்சுன்னா, அதாவது இந்தப் பக்கமும் ஓடாம அந்தப் பக்கமும் ஓடாம சும்மா நின்னுச்சுன்னா, அப்பவே கெளம்பிரு. திரும்பி ஏறுற வரைக்கும் நிக்காத. பக்கத்து வீட்டு ருக்கியா ராத்தாவோட மாடி இருக்கு. அந்த மாடி ஒசரந்தான், பாத்தேன். அங்க போக இப்பவே பேசி வச்சுக்க.

எங்க கதவ வாச்சிவேலக்காரர் ரெண்டு தடவ சீவிக் குடுத்துட்டாரு, இன்னும் சாத்த மாட்டேங்குது. பின்பக்க கித்துள் மரம் வேற சாஞ்சுக்கிட்டு நிக்குது, அம்மாவுக்கு அதுதான் கவல. கருப்பட்டி போயிருமாம்.

சாப்பிடு. ராத்திரி ஓடயப் பாத்துக்கிட்டு முழிச்சிருக்காத.

சுகிர்தா


கெலிஓயா
நவம்பர் 12

சுகிர்தாவுக்கு,

அம்னாவுக்கு பரீட்சை நடக்குது. எனக்கும்தான்.

உன்ட கடிதத்த நாலு தரம் வாசிச்சன். பொலித்தீன் பை இருக்கு, மெயின் சுவிட்ச் இருக்கு, கித்துள் மரம்கூட இருக்கு. நான் கேட்ட ஒண்டுக்கு மட்டும் பதில் இல்ல.

ருக்கியா ராத்தா வீட்டில மூணு இளந்தாரிகள், மாடியில ஒரே ஹோல். இத்தாவில இருக்கிறவள் அங்க போய் எங்க இருக்கிற? உனக்குத் தெரியாதா இது? தெரிஞ்சும் எழுதினாய்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு எண்டு கூச்சப்படுறியா? ஸ்கூல்ல ஏ.எல். படிக்கிற காலத்தில அதே வீட்டில அதே பாயில படுத்து, உன்ட அம்மா சுட்ட ரொட்டிய அடுப்படியிலயே இருந்து சாப்பிட்டவள் நான். இல்லாட்டி, இத்தாவில இருக்கிற முஸ்லிம் பொம்பிளை வந்து இருந்தா லயத்தில ஏதும் கதைப்பாங்க எண்டு யோசிக்கிறியா? எது எண்டாலும் சொல்லு, தாங்குவேன். பேசாம இருக்கிறதத்தான் என்னால தாங்க ஏலா. மச்சான் ஒவ்வொரு நாளும் வாசல்ல நிண்டு, "அந்தப் பிள்ளை என்ன சொன்ன மதினி?" எண்டு கேக்கிறார். நான் என்ன சொல்ல?

வரவா, வேணாமா? ஒரு சொல்லு எழுது.

ஷஹ்மா


ஹந்தானை
நவம்பர் 20

ஷஹ்மா,

வராத. ருக்கியா ராத்தா வீட்டு மாடிக்குப் போ. நான் சொன்னா கேளு. என்னையத் திட்டு, பரவால்ல, ஆனா இங்க வராத.

சுகிர்தா


கெலிஓயா
டிசம்பர் 4

அன்புள்ள சுகிர்தா,

நீ எங்க இருக்கிறாய்? மச்சான் என்ட போனைத் திருப்பித் தந்திட்டார். லைன் வந்த நேரத்தில இருந்து உன்ட நம்பரை அடிக்கிறேன், செத்துக் கிடக்குது. ஹந்தானைப் பக்கம் மண்சரிஞ்ச எண்டு ஆக்கள் சொல்றாங்க. எந்தத் தோட்டம், எந்த லயம் எண்டு ஒருத்தருக்கும் தெரியல்ல. இந்தக் கடிதத்த மச்சான் உன்ட ஒபிஸில கொண்டுபோய் துஷாந்த் தம்பியிட்ட குடுப்பார். நீ இருக்கிற இடம் அவருக்கு எப்படியும் தெரியவரும் எண்டு நினைக்கிறேன்.

நாங்க உயிரோட இருக்கிறோம். அது உன்னாலதான், அத முதல்ல சொல்லிடுறேன்.

அண்டைக்கு விடியக்காலை சுபஹு தொழுதிட்டுக் குசினிக்குப் போனன். மழை எண்டா அப்படி மழை. ஆத்தங்கரையில ஒழுங்கை ஆம்பிளைகள் எல்லாம் குடையோட நிண்டு, "இன்னும் படியைத் தொடல்ல, பயமில்ல" எண்டு பேசிக்கொண்டு நிக்கிறாங்க. நான் ஓடையப் பார்த்தன். ஒரு வாழைப்பட்டை மிதந்துகொண்டு இருந்த, அசையாம. அந்தப் பக்கமும் போகல்ல, இந்தப் பக்கமும் வரல்ல.

பிறகு என்ன செய்தன் எண்டு கேட்டா நம்ப மாட்டாய். அம்னாட கையில பையக் குடுத்திட்டு, ஒரு சட்டியையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கினன். நான்! மூணரை மாசமா வாசல்படியத் தாண்டாதவள். சட்டியை அடிச்சுக்கொண்டு வீடு வீடாப் போய்க் கத்தினன். "ஆத்தப் பார்க்காதீங்க, பின்னால பாருங்க, எழும்பிப் போங்க." இத்தாவில இருக்கிற பொம்பிளையிட குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்ட. ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தாங்க. முதல்ல ஓடினது மச்சான்தான், என்னைத் தடுக்கிறதுக்கு எண்டு நினைச்சன். அவர் கிழவிகளைத் தூக்க ஓடினார்.

ருக்கியா ராத்தாட மகன்மார் மூணு பேரும், நான் மாடிக்கு ஏற முந்தியே பின்படியால இறங்கி நனைஞ்சுகொண்டு பள்ளி மாடிக்குப் போயிட்டாங்க, எனக்கு இடம் விட்டு. ஊர் வாய் எண்டு இவ்வளவு நாளும் எதுக்குப் பயந்தன் எண்டு நினைச்சு நினைச்சு அழுதன்.

தண்ணி ஜன்னலை மூடி அதுக்கு மேலயும் போன. வீடு நிக்குது, உள்ள ஒண்டும் இல்ல. அலுமாரி நீ சொன்ன மாதிரியே உப்பி வெடிச்சிட்டு. ஒழுங்கையில ஒரு உயிர் போகல்ல.

நான் உன்னிட்டக் கேட்ட கேள்விகள் எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கொள்றேன். நீ கூப்பிடாட்டிப் பரவாயில்ல. லயத்துக்கு வர வேணாம் எண்டு ஏன் சொன்னாய் எண்டும் கேக்க மாட்டேன். நல்லா இருக்கிறேன் எண்டு மட்டும் எழுது. யா அல்லாஹ், அதை மட்டும் எழுதச் சொல்லு.

ஷஹ்மா


பாடசாலை முகாம்
டிசம்பர் 10

அன்புள்ள ஷஹ்மா,

உயிரோட இருக்கேன். அம்மாவும் இருக்காங்க. அவுங்களுக்கு கால்ல அடி, வேற ஒன்னுமில்ல. துஷாந்த் ஒன் கடுதாசியக் கொண்டாந்து குடுத்தான். நீ சட்டியத் தூக்கிட்டு எறங்குனத அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். இந்தப் பத்து நாள்ல மொத தடவையா சிரிச்சாங்க.

எங்க வீட்டுக்கு இன்சூரன்ஸ் ரெண்டு இருக்கும்னு எழுதியிருந்தியே, இப்ப பதில் சொல்றேன். எங்க வீடு எங்களுது இல்லடி. தோட்டத்தோடது. மூணு தலமுறையா இருந்தாலும் உறுதி இல்ல. உறுதி இல்லாத வீட்டுக்கு எங்க ஒபிஸ்ல கதவே தொறக்காது. ஊர்ல இருக்குற வீட்டுக்கெல்லாம் பொலிசி எழுதுற எனக்கு, எங்க வீட்ட எழுத ஒரு வரி கெடையாது.

செப்டெம்பர்லயே வீட்டுக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருச்சு. மொதல்ல வெரல் போற அளவு. அப்புறம் கை. கதவு சாத்தாம போனது மழைக்கு இல்ல, செவரு எறங்கினதால. அதிகாரிங்க வந்து பாத்தாங்க, இங்க இருக்கக்கூடாது, எந்திரிச்சுப் போங்கன்னாங்க. எங்க போறதுன்னு கேட்டோம், அவுங்க ஜீப்புல ஏறிப் போயிட்டாங்க. ஒரு மாசம் வாடகைக்கு வீடு தேடி அலஞ்சேன், அம்மா அசைய மாட்டேன்னுட்டாங்க.

ஒனக்கு ஏன் சொல்லலன்னா, சொன்னா நீ "இங்க வா"ன்னுவ. அந்த வீட்டுல வெள்ளம் வரும்னு எழுதுனவளே நான். எங்கம்மாவ எப்படிக் கூட்டிட்டு வர்றது? ஒனக்கு போக எடம் ஹந்தானைதான்னு நீ தூங்குற, எனக்கு போக எடம் கெலிஓயான்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேருக்கும் ரெண்டும் இல்லன்னு தெரிஞ்சுபோனா அப்புறம் என்னாடி மிச்சம்? அந்த பயத்துலதான் வாயத் தொறக்கல. உள்ளதச் சொல்லுன்னு ஒனக்கு பாடம் எடுத்தவ.

நீ வந்தா படுக்கட்டும்னு அம்மா பின் காம்பரா ரூம ஒழிச்சு, சாணி மெழுகி வச்சிருந்தாங்க. நான் வேணாம்னு எழுதுனத அவுங்ககிட்ட சொல்லல. மலை எறங்குன அன்னைக்கி மொதல்ல போனது அந்த காம்பராதான். அம்மா முன்வாசல் இஸ்தோப்புல வெறகு அடுக்கிக்கிட்டு இருந்தாங்க, அதால தப்பிச்சாங்க. மேல் லயத்துல மூணு வீடு போச்சு. அதப் பத்தி இப்ப என்னால எழுத முடியல.

ஜனவரியில பள்ளிக்கூடம் தொறக்கணுமாம், அதுக்குள்ள எல்லாரும் போயிரணுமாம். எங்கன்னு இப்பவும் யாரும் சொல்லல. நீ கவலப்படாத. இத்தாவ நல்லபடியா முடி.

சுகிர்தா


கெலிஓயா
டிசம்பர் 17

அன்புள்ள சுகிர்தா,

சுகம் விசாரிக்கல்ல, நேரா வந்து பார்க்கிறேன். இத தபால்ல போடல்ல. இத்தா முடிஞ்சிட்டு. குளிச்சு, தொழுது, முதன்முதலா வெளிய வாற பயணம் உன்ட முகாமுக்குத்தான். நேரில பேசினா நீ ஆக்களுக்கு முன்னால "வேணாம்டி, பரவால்லடி" எண்டு தலையாட்டுவாய். அதனால எழுதிக் கையில தாறேன். நீ வாசிச்சு முடிக்கும் வரைக்கும் வாசல்ல நிக்கிறேன். மச்சான் வேனைத் திருப்பி நிப்பாட்டி வச்சிருக்கிறார்.

வீட்டைக் கழுவிட்டோம். ஒழுங்கையில எல்லாரும் வருஷம் பிறக்க முந்தி பெயின்ட் அடிக்கிறாங்க, வெளியாக்கள் பார்த்தா தெரியாதாம். ருக்கியா ராத்தாவும் ஒரு வாளி சுண்ணாம்பு கொண்டுவந்து தந்தா. நான் அடிக்க விடல்ல. பழைய கோட்டுக்கு மேல புதுக் கோடு, என்ட தலைக்கு மேல நிக்குது. அது அப்படியே இருக்கட்டும்.

அண்டைக்கு நீ என்ட வீட்டில இருந்து கேட்டாயே, இப்ப ஒழுங்காப் பதில் சொல்றேன். வீட்டுக்குள்ள வெள்ளம் வந்திருக்கா? வந்திருக்கு, ரெண்டு தரம். இனியும் வருமா? வரும். காவல் ஏதும் இருக்கா? ஒண்டும் இல்ல, நெருப்புக்கு மட்டும்தான். வேற போக இடம் இருக்கா? எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல. இவ்வளவையும் தெரிஞ்சுகொண்டுதான் கூப்பிடுறேன், தெரிஞ்சுகொண்டே வா.

நீ எனக்கு வராத எண்டு எழுதினாய். நீ அப்படி எழுதாட்டி, மலை சரிஞ்ச அண்டைக்கு அந்தப் பின் காம்பரால நானும் அம்னாவும் இருந்திருப்போம். நான் உனக்கு வா எண்டு எழுதுறேன். உன்ட சொல் என்னைக் காப்பாத்தின மாதிரி என்ட சொல்லும் காப்பாத்தும் எண்டு என்னால சத்தியம் பண்ண ஏலா. தனியாப் பயந்துகொண்டு இருக்கிறத விட ரெண்டு பேராப் பயந்துகொண்டு இருப்போம், அவ்வளவுதான் என்னிட்ட இருக்கு.

அம்மாவுக்கு முன் ரூம். கட்டில் இல்ல, பாய் புதுசு. குசினி ஜன்னலுக்குப் பக்கத்தில ரெண்டு கதிரை போட்டிருக்கிறேன், ஓடையப் பார்க்க இனி முறை வச்சுக்கொள்ளலாம். பையத் தூக்கு, அம்மாவ நான் பிடிச்சுக்கொள்றேன். வீட்டுக்குப் போன உடனே, உள்ள போக முந்தி, ருக்கியா ராத்தாட மாடிப்படி எந்தப் பக்கம் எண்டு முதல்ல காட்டித் தாறேன்.

உன்ட,
ஷஹ்மா